எலி என்று சொல்லவில்லை

ஜெர்மனி
14.1.2008

அன்பு மதினிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். இங்கே பால் பொங்கவில்லை, அடிப்பிடித்தது. மற்றபடி நான் சுகம். நீங்கள், அம்மா, அண்ணன் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? ஞாயிறுதோறும் போன் செய்து என்ன பிரயோஜனம், அம்மா ரிசீவரை விட்டால்தானே! ஆமத்தூரில் நின்று கத்துகிற கத்தலுக்கு ஜெர்மனி வரை ஒயரே தேவையில்லை. அதனால் நமக்குக் கடிதம்தான் சரி.

என் வேலை என்னவென்று விளங்கும்படி எழுதச் சொன்னீர்கள். பட்டாசு லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படம் மறைந்து வெறும் புள்ளிகளாகத் தெரியுமே, பிரஸ்ஸில் செக்கிங் பார்க்கிற உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டுமா? நானும் புள்ளி புள்ளியாகத்தான் படம் செய்கிறேன். உங்களுக்குத் தாள், எனக்கு எலி.

ஒரு முழு எலியை மயக்கம் கொடுத்து, உயிர் போனதும் கல் மாதிரி உறைய வைப்போம். பிறகு மூக்கிலிருந்து வால் வரை நெடுக்காகச் சீவுவோம். தலைமுடியை விட மெல்லிய சீவல். அதன் மேல் ஒரு மருந்தைப் பனி போலத் தூவி, லேசர் ஒளியால் ஓர் ஓரத்திலிருந்து புள்ளி புள்ளியாகத் தட்டுவோம். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தெறித்து வருவதை மிஷின் எடை போட்டு, அங்கே என்னென்ன கொழுப்பு இருக்கிறது என்று சொல்லும். ஒவ்வொரு கொழுப்புக்கும் ஒரு நிறம் கொடுத்தால் முழு எலியும் வண்ணப் படமாக வரும். கொழுப்பு என்றால் கறியில் ஒட்டியிருக்கிற வெள்ளை மட்டும் இல்லை மதினி. மூளையில் ஒரு ஜாதி, கல்லீரலில் ஒரு ஜாதி, தோலுக்கடியில் ஒரு ஜாதி என்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதல் சீவலை நான் கெடுத்துவிட்டேன். சுத்தமாக இருக்கட்டும் என்று ஸ்பிரிட் போட்டுக் கழுவினேன். அழுக்கோடு கொழுப்பும் போய்விட்டது. பேராசிரியர் திட்டவில்லை, சிரித்தார். அதுதான் எரிச்சல்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் எழில்

*

ஆமத்தூர்
30.1.2008

அன்பு எழிலுக்கு,

மதினி பானுப்பிரியா எழுதுவது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌகரியம். எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை. நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா?

ஒரு வேலை செய்துவிட்டேன், திட்டாதே. அத்தைக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன் இல்லையா, எலி வருகிற இடமெல்லாம் தாண்டித் தாண்டி வாசித்தேன். படம் எடுக்கிறாள், வண்ணம் போடுகிறாள், புள்ளி, மிஷின் என்றுதான் அவர்கள் காதில் விழுந்தது. கேட்டுவிட்டு அத்தை சொன்னது இது: "ஏட்டி, இம்புட்டுப் படிச்சவ பிரஸ் வேலைக்கா ஜெர்மனி போனா? நம்ம சிவகாசியில இல்லாத பிரஸ்ஸா?"

நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். எலியை அறுக்கிறாய் என்று இப்போதைக்கு இந்த வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

ஆனால் அத்தை வாய் சும்மா இருக்குமா? தெரு பூராவும் சொல்லியாகிவிட்டது. எங்கள் முதலாளி சின்னச்சாமி அண்ணாச்சி நேற்று உன் அண்ணனைக் கூப்பிட்டு, "ஒந்தங்கச்சி ஜெர்மன் பிரஸ்ல இருக்காமே, நம்ம மிஷினுக்கு ஒரு பல்சக்கரம் கெடைக்குமான்னு கேளுப்பா" என்றாராம். கிடைத்தால் சொல்லு.

நான் ஒரு மாதமாகப் பிரஸ்ஸுக்குப் போகவில்லை. மை வாடையை நினைத்தாலே குமட்டுகிறது. வயிற்றுக்குச் சாப்பிடு. ரொட்டியை மட்டும் தின்று நாளை ஓட்டாதே.

அன்புடன்,
மதினி

*

ஜெர்மனி
17.2.2008

அன்பு மதினிக்கு,

பல்சக்கரமா! உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்து மேஜைக்காரி பயந்துவிட்டாள். எலி விஷயத்தை ஏன் மறைக்கிறீர்கள் என்று விளங்கிவிட்டது. பிள்ளையாருடைய வண்டி ஆயிற்றே, அம்மா கும்பிடுகிற சாமி. சரி, நான் பிரஸ்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

இத்துடன் என் முதல் நல்ல படத்தை வைத்திருக்கிறேன். நீலம் மூளை, சிவப்பு கல்லீரல், பச்சை தோலுக்கடியில் இருப்பது. இந்த மூன்று நிறத்தையும் பார்க்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மதினி, யாரிடமும் சொல்லாதீர்கள்.

குமட்டல் நின்றதா? அண்ணன் ஒழுங்காக இருக்கிறானா?

உங்கள் எழில்

*

ஆமத்தூர்
6.3.2008

அன்பு எழிலுக்கு,

உன் படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உனக்குச் சளி பிடித்ததாக அத்தை சொன்னார்கள், மிளகு இருக்கிறதா அங்கே?

கவரைப் பிரிக்கும்போது அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். எலி எலியாகவே இருக்கிறதே! சட்டென்று மூக்கு மேலே, வால் கீழே வருகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்து, "ராக்கெட் லேபிள் அத்தை" என்றேன். கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார்கள். "நல்லாத்தாம்ட்டி இருக்கு. கலர் எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். தப்பித்தேன். படம் இப்போது நடுவீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறது. சின்னச்சாமி அண்ணாச்சி பார்த்தால் ஆர்டர் எடுத்துவிடுவார்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. விருதுநகரிலிருந்து எங்கள் அம்மா சுப்புலட்சுமி வந்து பத்து நாளாக இங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் வைத்ததுதான் சட்டம். நான் தண்ணீர்க்குடம் தூக்கக் கூடாது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு இந்த வருஷம் அக்கினிச்சட்டி எடுக்கக் கூடாது. உன் அண்ணன் வீட்டில் கோழி அறுக்கக் கூடாது, கடையில் அறுத்து வாங்கி வரலாம். பல்லியைக்கூட விரட்டக் கூடாது, தானாகப் போகும்வரை காத்திருக்க வேண்டும். உன் அண்ணன் கொசு கடித்தாலும் அடிக்காமல், "போ, போ" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மாவடு மேல்தான் ஆசையாக இருக்கிறது. ஜாடி பாதி காலி.

அன்புடன்,
மதினி

*

ஜெர்மனி
25.3.2008

அன்பு மதினிக்கு,

நான் சுகம், சளி போய்விட்டது. ராக்கெட்டா! பேராசிரியரிடம் சொன்னேன், அவர் தன் அறையிலும் அந்தப் படத்தை நிமிர்த்தி மாட்டிவிட்டார்.

சிரிப்பு இருக்கட்டும். உங்கள் உடம்பைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. அசதி, குமட்டல், புளிப்பில் ஆசை, பாரம் தூக்க முடியவில்லை. இது கல்லீரலில் கொழுப்பு சேருகிற கோளாறாக இருக்கலாம். தினமும் கல்லீரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் சொல்கிறேன். தள்ளிப் போடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அண்ணன் ஏன் திடீரென்று ஜீவகாருண்யம் பேசுகிறான்?

இனி என் சேதி. எனக்குப் பெரிய வேலை கொடுத்திருக்கிறார்கள். அடுத்தது சினை எலி. வயிற்றில் குட்டிகளோடு அப்படியே உறைய வைத்து, தாயையும் குட்டிகளையும் ஒரே சீவலாகச் சீவிப் படம் எடுக்க வேண்டும். தாயிடமிருந்து எந்தக் கொழுப்பு குட்டியின் எந்த இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை!

இன்னொன்று, அம்மாவிடம் சொல்லாதீர்கள். ஜூன் முடிவதற்குள் இந்தப் படம் வந்தால் என் வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பார்கள். வராவிட்டால் ஆகஸ்டில் மூட்டை கட்ட வேண்டியதுதான். பாதிப் படிப்போடு திரும்பி வந்து என்ன செய்வது? அதனால் வேண்டிக்கொள்ளுங்கள்.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள் எழில்

*

ஜெர்மனி
2.5.2008

அன்பு மதினிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் கேட்டால் அம்மா, "அவளுக்கென்ன, நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு மழை வரவில்லை என்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? கல்லீரல் என்று பயமுறுத்தியதற்குக் கோபமா? கோபம் என்றால் நாலு வார்த்தை திட்டியாவது எழுதுங்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத மனசு வரவில்லை.

எழில்

*

ஆமத்தூர்
12.5.2008

அன்புத் தங்கச்சி எழிலுக்கு,

அண்ணன் பிரபாகரன் எழுதுவது. நாங்கள் நலம். உன் நலத்துக்கு எழுதவும். உன் மதினிக்குக் கை சரியில்லை, அதனால் எழுதவில்லை. கை என்றால் கை இல்லை, உடம்பு. உடம்பு என்றால் பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. படுத்தே இருக்கிறாள். சும்மாதான் படுத்திருக்கிறாள்.

பிரஸ்ஸில் சீசன் ஆரம்பித்துவிட்டது. லோடு லோடாகத் தாள் இறங்குகிறது. அவள் எழுதக் கூடாது என்று சொன்னதையெல்லாம் விட்டுவிட்டால் எனக்கு எழுத வேறு விஷயம் இல்லை. கடிதம் எழுதிப் பழக்கமும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

அந்த ஊரில் கம்பளித் தொப்பி நன்றாக இருக்கும் என்கிறார்களே, என்ன விலை வரும்? சின்ன சைஸ். ரொம்பச் சின்னது. சும்மாதான் கேட்டேன்.

*

ஜெர்மனி
28.5.2008

என் மதினிக்கு,

நான் ஒரு முட்டாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன், பிறகு நலம் விசாரிக்கிறேன்.

அண்ணன் கடிதம் நேற்று வந்தது. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சீவலை மட்டும் பார்த்தால் எலி விளங்காது. அடுத்தடுத்த சீவல்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது உருவமாக எழும்பி வரும். நேற்று உங்கள் கடிதங்களை மேஜை மேல் தேதி வரிசையில் பரப்பினேன். மை வாடை. அசதி. தண்ணீர்க்குடம். அக்கினிச்சட்டி. அறுக்காத கோழி, அடிக்காத கொசு. மாவடு. கடைசியில் அண்ணனுடைய சின்ன சைஸ் கம்பளித் தொப்பி. அதை வைத்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கல்லீரலாம் கல்லீரல்! டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவளுக்கு மாவடுவைக்கூட விளங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

முன்பு இரண்டு தடவை கரு தங்காமல் போனது எனக்குத் தெரியும். அப்போது ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல முடியாமல் நீங்கள் பட்ட பாடும் தெரியும். அதனால்தான் இந்தத் தடவை எனக்குக்கூடச் சொல்லவில்லை. நானோ, சினை எலியை அறுக்கப் போகிறேன் என்று குதித்துக் குதித்து எழுதியிருக்கிறேன். அந்த வரியை நீங்கள் எப்படி வாசித்திருப்பீர்கள் மதினி? இதை எழுதும்போது கூசுகிறது.

இன்று காலை பேராசிரியரிடம் போய், அந்த வேலையைச் செப்டம்பருக்குத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. நன்றாக யோசித்துச் சொல் என்றார். வீட்டில் பிள்ளை உண்டாகியிருக்கும்போது உயிரை வதைக்கக் கூடாது என்கிற சாஸ்திரத்திலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நீங்கள் அங்கே படுத்திருக்கும்போது இங்கே கத்தியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. வேலை போனால் போகட்டும்.

எப்படி இருக்கிறீர்கள்? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

எழில்

*

ஆமத்தூர்
11.6.2008

போடி இவளே!

நன்றாக இருக்கிறேன், ஏழாவது மாதம் முடியப் போகிறது, உள்ளே இருக்கிறது உதைக்கிறது. அதைச் சொல்லிவிட்டேன் அல்லவா, இனி திட்டலாம். உன்னை யார் வேலையைத் தள்ளிப் போடச் சொன்னது? நீ நிறுத்தக் கூடாது என்றுதானே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்! உன்னை வெளிநாட்டுக்கு அனுப்ப அத்தையிடம் மூன்று மாதம் மல்லுக்கு நின்றவள் நான். என்னால் நீ மூட்டை கட்டினால் நான் யார் முகத்தில் விழிப்பேன்?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சினை எலி என்று நீ எழுதிய கடிதம் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு லேசாக ரத்தம் பட்டது. விருதுநகருக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆறு வாரம் படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பியதும் எங்கள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வீட்டுல யாராச்சும் உசிரு எதையும் வதைச்சீகளா? யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். உன் கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது.

உன் மேல் கோபம் வந்தது எழில். உன் மேல் தப்பில்லை என்று தெரியும், ஆனாலும் வந்தது. பேனாவை எடுத்தால் அந்தக் கோபம்தான் எழுத்தில் வரும் என்று எடுக்கவே இல்லை. அது தீர எனக்கு இத்தனை நாள் ஆனது.

உன் கடிதம் முந்தாநாள் வந்ததும் எனக்கு அழுகை அடங்கவில்லை. அம்மா விருதுநகர் போயிருந்தார்கள். அத்தை முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எழில் பிரஸ்ஸில் இல்லை அத்தை, எலியை அறுத்துப் படம் எடுக்கிறாள், நான்தான் மறைத்தேன், சுவரில் இருப்பது ராக்கெட் இல்லை என்றேன்.

அத்தை கடலை உடைப்பதை நிறுத்தவே இல்லை. "ராக்கெட்டுக்குப் பல்லு இருக்காட்டி?" என்றார்கள்.

நான் திரும்பி நடுவீட்டுச் சுவரைப் பார்த்தேன்.

"படத்தைப் பாத்த அன்னிக்கே தெரியும். நான் பொறந்ததுல இருந்து எலியப் பாத்தவ. கடலைக்காட்டுல கூலிக்குப் போன காலத்துல உங்க மாமா எலி வளைய வெட்டிப் புடிச்சிட்டு வருவாக. அது சேத்து வச்சிருக்க கடலையும் நமக்கு, எலியும் நமக்கு. இந்த எழிலு வயித்துல இருக்கையில எனக்குச் சோறு எறங்கல. சுட்ட வயலெலி மட்டுந்தான் கேட்டேன். உங்க மாமா சாயங்காலமானா மம்பட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிருவாக. எம்புட்டு எலி தின்னுருப்பேன்னு கணக்கே இல்ல. அதுல பொறந்தவ என்ன, நொண்டியா மொடமா? ஜெர்மனியில இருக்கா."

"அப்ப ஏன் அத்தை ஊரெல்லாம் பிரஸ்ஸுன்னு சொன்னீக?"

"நீ மறைச்ச. மருமக ஒண்ண மறைச்சா அதுக்குக் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். உங்கம்மாவுக்குப் பயப்படுறன்னு நெனச்சேன். எனக்கா பயந்த? கிறுக்கி!"

நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அப்போது அத்தை கையைத் துடைத்துவிட்டு என் தலையில் வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முந்தி ரெண்டும் தங்காமப் போச்சே, அப்ப யாருட்டி எலிய அறுத்தா? இவ மதுரையில காலேசுல இருந்தா. உம்புருசன் ஒரு பல்லியக்கூட அடிக்கல. அப்படியும் போச்சுல்ல? அது யாரு செஞ்ச குத்தமும் இல்ல தாயி. உங்குத்தமும் இல்ல."

எட்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் இருந்தேன் எழில். ஆறுதல் சொன்னவர்கள் எல்லாம் அடுத்த தடவை ஜாக்கிரதையாக இரு என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே கத்தியை எடு. இது உன் மதினி உத்தரவு. அத்தையின் உத்தரவு வேறு: "அறுக்கச் சொல்லு. அம்புட்டு எலியையும் வீணாத் தூக்கிப் போடுறாகளான்னும் கேளு." வளைகாப்பு வருகிற வெள்ளிக்கிழமை. எங்கள் அம்மாவிடம் மட்டும் நீ இன்னும் பிரஸ்ஸில்தான் வேலை பார்க்கிறாய்.

அன்புடன்,
மதினி

*

ஜெர்மனி
1.7.2008

அன்பு மதினிக்கு,

உங்கள் திட்டு கிடைத்தது. இவ்வளவு இனிப்பான கடிதம் என் ஆயுசில் வந்ததில்லை. அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எலி தின்ற கதையை ஆய்வுக்கூடத்தில் சொன்னேன். எனக்கு இங்கே மரியாதை கூடிவிட்டது. எலியை நாங்கள் சாப்பிடுவதில்லை என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொல்லுங்கள்.

வேலையைச் செய்துவிட்டேன். ஜூன் கடைசி வாரம் முழுக்க மிஷின் ஓடியது. கத்தியை வைப்பதற்கு முன்னால் அந்த எலியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். படம் வந்துவிட்டது மதினி! ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. பேராசிரியர் எனக்குக் கை கொடுத்துவிட்டு, நீட்டிப்புக் காகிதத்தில் உடனே கையெழுத்துப் போட்டார். இன்னும் மூன்று வருஷம் நான் இங்கேதான்.

படத்தை இத்துடன் ஒட்டிய கவரில் வைத்திருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு பிரியுங்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டாம். சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை, நீங்கள் நிம்மதியாக இருக்கிறபோது பார்க்க வேண்டிய படம் அது. கம்பளித் தொப்பியும் இருக்கிறது. மஞ்சள் நிறம். ஆகஸ்டு வெயிலில் ஆமத்தூரில் அதை எப்படிப் போடுவீர்கள் என்பதை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

தூக்கம் வருகிறதா? கால் வீக்கம் இருக்கிறதா? இந்தத் தடவை நான் எந்த நோயும் கண்டுபிடிக்க மாட்டேன், தைரியமாக எழுதுங்கள்.

உங்கள் எழில்

*

ஆமத்தூர்
27.8.2008

எங்கள் எழிலுக்கு,

தாயும் சேயும் சுகம். பெண். இந்த மாதம் பதினான்காம் தேதி காலையில் பிறந்தாள். நீ அத்தையாகிவிட்டாய். போனில் செய்தி வந்தபோது அலறினாயாமே, உன் அண்ணன் காதைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் வந்தார். பெரிய பிள்ளை, நிறைந்த முடி. தொப்பியை அந்த வெயிலிலும் போட்டுப் பார்த்தார், அவள் வீல் என்று கத்தினாள். இப்போது அது ஆணியில் தொங்குகிறது. மார்கழி வரட்டும் என்கிறார்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "எலிய அறுத்துப் படம் எடுக்கவளுக்குச் சொல்லு. இந்தப் பிள்ளைக்குக் கொழுப்பு எங்க எங்க இருக்குன்னு பாக்க மிஷினு வேண்டாம். கன்னத்துல இருக்கு, தொடையில இருக்கு, மணிக்கட்டு மடிப்புல இருக்கு. தொட்டுப் பாக்கணும்னா வரச் சொல்லு. மூணு வருசம் இருந்துக்கிடட்டும், நடுவுல ஒரு தடவ வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போகட்டும்." இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அதை எழுதாதே என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று கவரைப் பிரித்தோம். எங்கள் அம்மாவும் இருந்தார்கள். தாயின் வயிற்றுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக அத்தனை குட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் அந்த நீலப் பொட்டு. நீ முதல் படத்தில் மூளை என்று எழுதிய அதே நீலம். நான் என் பிள்ளையின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்தத் தாய் எலிக்காகக் கொஞ்சம் அழுதேன். ஆனால் பயம் வரவில்லை எழில். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் எழுதினேன்.

அத்தை அத்தனை குட்டிகளையும் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் சுமந்துக்கிட்டு இது சத்தங்காட்டாம இருந்திருக்கு. நம்மாளு ஒண்ணுக்கே ஊரக் கூட்டிட்டா" என்றார்கள். எங்கள் அம்மா படத்தை வாங்கி, வழக்கம் போல மூக்கை மேலே வைத்து நிமிர்த்திப் பிடித்து, "இது எந்தக் கம்பெனி ராக்கெட்டு சம்பந்தி?" என்று கேட்டார்கள்.

அத்தை படத்தை வாங்கினார்கள். படுக்கை வசமாகத் திருப்பினார்கள். தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அப்படியே வைத்து ஆணி அடித்தார்கள். பழைய ராக்கெட்டையும் எடுத்து, காலும் வாலும் சரியாகத் தெரிகிற மாதிரி படுக்க வைத்து மாட்டினார்கள்.

"எலி சம்பந்தி" என்றார்கள். "எம்மக எடுத்தது."

பிள்ளை அந்தச் சத்தத்திலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் அம்மா எலியைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள், மறுபடி எலியைப் பார்த்தார்கள். பிறகு, "கலர் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்.

வா, வந்து தொட்டுப் பார்.

அன்புடன்,
உன் மதினி